ரப்பிஷ் லாரி எந்தக் கோட்டுக்குள் நிற்கிறது?

கேள்வி: எங்கள் தெரு பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில்தான் போய் முடிகிறது. ராத்திரி பதினோரு மணிக்கு மேல் டிப்பர் லாரியில் ரப்பிஷ் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். கேட்டால் "இது பட்டா நிலம்மா" என்கிறார்கள். ராம்சர் தளமான பிறகும் இப்படிச் செய்யலாமா?
- வாசகி, வேளச்சேரி

பதில்: கூடாதும்மா. பட்டா இருந்தாலும் கூடாது.

ராம்சர் என்பது ஈரநிலங்களைக் காக்க 1971-இல் ஈரானில் கையெழுத்தான பன்னாட்டு ஒப்பந்தம். பள்ளிக்கரணை அந்தப் பட்டியலில் சேர்ந்தது 2022-இல். பெருமைதான். ஆனால் லாரியை மடக்க அந்த ஒப்பந்தத்துக்குக் கையில்லை. கை நம் சட்டத்துக்குத்தான் உண்டு, அதுவும் இடத்துக்கு இடம் மாறும். 2007-இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. ராம்சர் எல்லையோ ஏறக்குறைய 1,248 ஹெக்டேர். லாரி நிற்பது காப்புக்காட்டில் என்றால் 1882-ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டம் பாயும். வனத்துறையிடமே புகார் கொடுங்கள். அதற்கு வெளியே, ராம்சர் எல்லைக்குள் என்றால் 2017-ஆம் ஆண்டு ஈரநில விதிகள். குப்பை கொட்டுவது, தூர்த்து வேறு உபயோகத்துக்கு மாற்றுவது இரண்டையும் அவை தடுக்கின்றன. நிலம் யார் பேரில் இருக்கிறது என்ற கேள்வியே அங்கே எழாது.

அதனால் முதல் வேலை, லாரி கொட்டும் இடத்தின் சர்வே எண்ணைக் கண்டுபிடிப்பது. பகலில் போய், கொட்டிய இடத்தை லொகேஷனோடு படம் எடுங்கள், தேதி தெரிகிற மாதிரி. ராத்திரி தனியாகப் போய் லாரியை மறிக்காதீர்கள்.

இருபது வருடமாக இந்த வழக்குகளை நடத்துகிறேன். ஒருமுறை சாட்சிக்குப் படம் எடுக்கப் போன இடத்தில், மிதக்கும் பாசிமேல் நீளவால் இலைக்கோழி ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்தது. செம்பு போல மின்னும் நாலு முட்டை. அந்த இனத்தில் ஆண்தான் அடைகாக்கும். பத்தடி தள்ளி உடைந்த டைல்ஸும் கம்பியும் சரிந்து கிடந்தன. இன்னும் ஒரு லோடு விழுந்தால் கூடு போச்சு. அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

புகாருக்குப் பதில் வராவிட்டால், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயம் சென்னையிலேயே இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். ஆனால் பிரச்சினை தொடங்கி ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். முதல் லாரி வந்த தேதியை இன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.