பழைய ஸ்பீக்கர், எது தேவலை?

கேள்வி: செகண்ட் ஹேண்டில் வாங்கிய இரண்டு ஜோடி ஸ்பீக்கர் வீட்டில் இருக்கின்றன. மாற்றி மாற்றிக் கேட்டும் எதை வைத்துக்கொள்வது என்று பிடிபடவில்லை.
– வாசகர், மண்டபம்

பதில்: கேட்பதற்கு முன்னால் துணி மூடியைக் கழற்றிப் பாருங்கள். கூம்பைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தால், அந்த ஜோடியை இப்போது ஒப்பிடுவதே வீண். வளையத்தை மாற்றிவிட்டுக் கேளுங்கள். நம் பக்கத்து உப்புக்காற்றில் பின்பக்கம் ஒயர் மாட்டும் டெர்மினலில் பச்சை பூத்திருக்கும், அதையும் சுரண்டிச் சுத்தம் செய்துவிடுங்கள்.

அப்புறம் சத்தத்தைச் சமன் செய்வதுதான் முக்கியம். ஆம்ப்ளிஃபயரில் வால்யூமைத் தொடாவிட்டாலும் சென்சிட்டிவிட்டி (ஒரே வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) கூடிய ஸ்பீக்கர் உரக்கப் பாடும், நம் காது அதையே நல்லது என்று சொல்லிவிடும். சென்சிட்டிவிட்டி 3 டெசிபல் குறைந்த ஸ்பீக்கருக்கு அதே சத்தம் வர இரண்டு மடங்கு வாட் வேண்டும். போனில் சத்தம் அளக்கும் ஆப் ஒன்று போதும். இரண்டையும் ஒரே இடத்தில் வையுங்கள், சுவரை ஒட்டினால் பேஸ் ஊதிப்போகும். நான் எப்போதும் தவில் போட்டுத்தான் பார்ப்பேன்: தொப்பியின் (தடித்த ஒலி தரும் முகம்) கும்காரம் குழம்பாமல், வலந்தலை (கூர்மையான ஒலி தரும் முகம்) அடி ஒவ்வொன்றும் தனியாகத் தெறித்து விழுந்தால் சரி, அந்த ஜோடியை விடாதீர்கள்.