அதிக தூரம் தாண்டியவருக்கு ஏன் தேசிய சாதனை கிடைக்கவில்லை?

2022 ஏப்ரலில் கேரளத்தின் தேஞ்ஞிப்பலத்தில் நடந்த ஃபெடரேஷன் கோப்பை தேசியத் தடகளப் போட்டியைத்தான் கேட்கிறீர்கள். அதன் நீளம் தாண்டுதலில் தமிழ்நாட்டின் ஜெஸ்வின் ஆல்ட்ரின் 8.37 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார்; ஆனால் 8.36 மீட்டர் தாண்டி இரண்டாமிடம் பெற்ற கேரள வீரர் ஸ்ரீசங்கருக்கே தேசிய சாதனை சென்றது.

காரணம் காற்று. திறந்தவெளி அரங்கில் பின்புறமிருந்து வீசும் காற்று நொடிக்கு 2.0 மீட்டருக்கு மேல் இருந்தால், அந்தத் தாண்டல் சாதனையாக ஏற்கப்படாது. வீரர் காலூன்றி எழும்பும் தாண்டு பலகைக்கு 20 மீட்டர் முன்னால், ஓடுபாதையோரத்தில், 1.22 மீட்டர் உயரத்தில் காற்றுமானி நிற்கும். வீரர் பலகைக்கு 40 மீட்டர் தொலைவிலுள்ள குறியைக் கடந்ததிலிருந்து 5 நொடிகளுக்கு அது அளக்கும். ஜெஸ்வினுக்கு அந்த அளவு 4.1, ஸ்ரீசங்கருக்கு 1.5.

பதக்க வரிசைக்கு இவ்வரம்பு பொருந்தாது. ஒரே மணற்குழியில் ஒரே நாளில் மாறி மாறி வீசும் காற்று எல்லோருக்கும் பொது என்பதே அதன் நியாயம். சாதனையோ வேறு ஊர், வேறு ஆண்டுகளோடு ஒப்பிடப்படுவது என்பதால், அங்கே இந்தக் கறார் தேவை என்றே நான் நினைக்கிறேன். ஜெஸ்வினும் 2023 மார்ச்சில் 8.42 மீட்டர் தாண்டி, முறைப்படியே அச்சாதனையைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார்.