பயன்படுத்திய டீ பேகை வீட்டில் வேறு எதற்காவது பயன்படுத்த முடியுமா?

முடியும், முக்கியமாகச் செடிக்கு. பையைக் கிழித்து, சக்கையை மட்டும் ரோஜாத் தொட்டி மண்ணில் கிளறி விடுங்கள். அதில் நைட்ரஜன் உண்டு, மெல்ல மட்கும். பாலோ சர்க்கரையோ பட்டிருந்தால் அலசிவிட்டுப் போடுங்கள், இல்லையென்றால் எறும்பு மொய்க்கும், பூஞ்சையும் பிடிக்கும். பையோடு புதைக்க வேண்டாம். சில பைகள் நைலான். காகிதம் போலத் தெரிகிற பலவற்றிலும் ஓரம் ஒட்டுவதற்காகப் பிளாஸ்டிக் இழை கலந்திருக்கும், அது மட்காது. ஸ்டேப்ளர் பின் இருந்தால் அதையும் பிடுங்கிவிடுங்கள்.

அப்புறம், மொறுமொறுவென்று காய்ந்த பையை இரவு ஷூவுக்குள் வைத்தால் நாற்றம் குறையும். மீன் கழுவிய கைக்கு ஈரப் பையே போதும், நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். வெள்ளைத் துணிப் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள், டீக்கறை லேசில் போகாது. மறுபடி டீ போடுவதா? உடனே என்றால் சரி, ருசிதான் இருக்காது. ராத்திரி முழுக்க ஈரமாகக் கிடந்தது வேண்டவே வேண்டாம்.