அயனிக் கற்றையில் நானோ செதுக்கல்: கேளுங்கள், சொல்கிறேன்

கே: அயனிகளை (மின்னேற்றம் பெற்ற அணுக்களை) கற்றையாக ஏவிச் செதுக்கும்போது, கற்றையின் கரண்டைக் கூட்டினால் வேலை சீக்கிரம் முடியுமா?

முடியும், ஆனால் கற்றையும் தடித்துப்போகும். 30 கிலோவோல்ட் காலியம் அயனிக் கற்றை சிலிக்கானில் ஒரு நானோகூலும்புக்கு ஏறக்குறைய கால் கன மைக்ரான் அரிக்கும். 10×10 மைக்ரான் பரப்பில் 5 மைக்ரான் ஆழக் குழி என்றால் 500 கன மைக்ரான்: 1 நானோஆம்பியரில் அரை மணிக்கு மேல், 20இல் இரண்டு நிமிடத்துக்குள். அந்த 20இல் விளிம்பு கரைந்த சோப்புக்கட்டி மாதிரி உருண்டு நிற்கும். அதனால் எல்லைக்கு ஒரு மைக்ரான் முன்பே பெரிய கரண்டை நிறுத்திவிட்டு, படிப்படியாக இறக்கி, கடைசித் தோலை மட்டும் 50 பிகோஆம்பியரில் சீவுங்கள்.

கே: சுவர் நேராக வராமல் சரிகிறது.

கற்றையின் ஓரம் மங்கலானது, அதனால் மேல்விளிம்பு முதலில் தேயும். மேலே பிளாட்டினம் படியவைத்து, ஸ்டேஜை (மாதிரியைத் தாங்கும் மேடையை) ஒன்றிரண்டு டிகிரி சாய்த்துச் சீவினால் சரியாகும். தெறித்த அணுக்கள் எதிர்ச் சுவரில் போய் ஒட்டுவது தனித் தொல்லை. ஒரே இடத்தில் நின்று தோண்டாமல், வேகமாகப் பலமுறை ஓட்டுங்கள்.

கே: துளைகள் முட்டை வடிவில் வருகின்றன.

ட்ரிஃப்ட், அதாவது ஸ்டேஜ் நின்ற பிறகும் மெல்ல நகர்வது. நானும் ஒருமுறை ஸ்டேஜை நகர்த்திய கையோடு 40 நானோமீட்டர் துளைகளைப் போட ஆரம்பித்து, முதல் வரிசை முழுக்க ஒரே பக்கம் இழுபட்டுக் கிடந்ததைப் பார்த்தேன். கடைசி வரிசை வட்டமாக இருந்தது, அதற்குள் ஸ்டேஜ் அடங்கிவிட்டது. ஸ்டேஜ் அடங்கட்டும், அப்புறம் தொடங்குங்கள்.

கே: வேகத்துக்கு எவ்வளவு கரண்ட் வைக்கலாம்?

முதல் பதில்.

கே: ஹீலியம் அயனிக் கற்றை வந்த பிறகும் காலியம் எதற்கு? பழைய பழக்கமா?

ஹீலியம் கற்றை விழும் புள்ளி அரை நானோமீட்டர், சரி. ஆனால் அது அணுவைப் பெயர்ப்பது மிகக் குறைவு. கிராஃபீனிலோ (ஓர் அணு தடிமனுள்ள கார்பன் தாள்) மெல்லிய தங்கப் படலத்திலோ அற்புதம். தடித்த சிலிக்கானில் விட்டால் உள்ளே போய்த் தங்கிக் குமிழாகி, பள்ளம் கேட்ட இடத்தில் மேடு எழும்பும்.

கே: (அதே நண்பர்) டோஸை (பாய்ச்சும் அயனிகளின் அளவை) குறைத்தால் மேடு வராதே?

வராது, பள்ளமும் வராது! நியானாவது நன்றாக அரிக்கும், புள்ளி சுமார் 2 நானோமீட்டர். தங்க ஆன்டெனாவுக்கு உருவத்தைக் காலியத்தில் வெட்டி, நடுவில் உள்ள சின்ன இடைவெளியை மட்டும் ஹீலியத்தில் திறப்பார்கள். ஒன்று மற்றதற்கு எதிரி இல்லை. இதற்கு மேல் இந்தச் சண்டைக்கு நான் வரவில்லை.

கே: அலுமினியம்?

காலியம் வேண்டாம், உலோகத்தின் நுண்படிகங்களுக்கு இடையிலான எல்லைக்குள் ஊறி உலோகத்தையே நொறுங்க வைத்துவிடும். செனான் பிளாஸ்மாவிலிருந்து வரும் அயனிக் கற்றை கிடைத்தால் அதில் போங்கள்.

கே: எலக்ட்ரான் கற்றைக்கு எந்த ரெசிஸ்ட் (கற்றை பட்டால் மாறும் பூச்சு) நல்லது?

என் துறை இல்லை, லித்தோகிராஃபிக்காரர்களைக் கேளுங்கள்.

கே: கரண்ட் குறைவாகத்தான் வைத்தேன், துளை இன்னும் கோணல்.

ஸ்டேஜ் அடங்கியதா?