வீட்டுக்குள் வளரும் பூனை ஏன் காலைப் பாய்ந்து கடிக்கிறது?

கேள்வி: கிளிநொச்சி, கரடிப்போக்குப் பகுதியில் வசிக்கிறோம். முன்பு வளர்த்த பூனை ஏ-9 வீதியில் வாகனத்தில் அடிபட்டு இறந்ததால், இப்போதுள்ள இரண்டு வயதுக் கடுவனை வெளியே விடுவதில்லை. பகலெல்லாம் உறங்குகிறது. விடிய நான்கு மணிக்குக் கத்தி எழுப்புகிறது. நடக்கும்போது காலைப் பாய்ந்து கடிக்கிறது, செற்றியைக் கிழிக்கிறது. திரும்பவும் வெளியே விடலாமா?

பதில்: விட வேண்டாம். வீதியில் வாகனங்களும் கட்டாக்காலி நாய்களும், பற்றைகளுக்குள் புடையன் பாம்பும் இருக்கும் ஊரில் நீங்கள் எடுத்த முடிவு சரியானதே. ஆனால் வெளியே அதற்கிருந்த வேலையை வீட்டுக்குள் நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்தீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. செய்யாவிட்டால் இரவுக் கத்தலுக்கு அதுவே காரணமாக இருக்கக்கூடும் என்பதால், முதலில் கால்நடை வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள்.

பூனை நாளொன்றுக்குப் பல தடவை சிறு சிறு இரைகளைப் பிடித்துத் தின்னும் பிராணி. பதுங்குதல், துரத்துதல், பாய்தல், கவ்வுதல், தின்னுதல் என்ற ஒழுங்கு அதன் உடலில் ஊறியது. தட்டில் மீனும் சோறும் நிறைந்திருந்தாலும் அந்த உந்துதல் அடங்குவதில்லை. விடியலும் அந்தியும் அதற்கு வேட்டைப் பொழுது. ஆகவே உங்கள் கடுவன் குழப்படி செய்யவில்லை. வீட்டில் அசைந்து திரியும் ஒரே இரையாக உங்கள் கால்களைக் கண்டிருக்கிறது.

மூன்றடித் தடியொன்றின் நுனியில் நூல் கட்டி, அதில் கோழி இறகையோ பனையோலைக் கீலத்தையோ பிணைத்துக்கொள்ளுங்கள். அதைப் பூனையின் முகத்துக்கு நேரே ஆட்டினால் பூனை பின்வாங்கும், ஏனெனில் எந்த எலியும் பூனையை நோக்கி ஓடி வருவதில்லை. இறகு பூனையை விட்டு விலகி ஓட வேண்டும், சாக்கின் கீழ் மறைய வேண்டும், சற்று நேரம் அசையாதிருந்து மெல்ல எட்டிப்பார்க்க வேண்டும். பூனை வால்நுனியை மட்டும் அசைத்தபடி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் அதற்கு விருப்பமில்லை என்று நிறுத்திவிடாதீர்கள், அந்தப் பார்வையும் வேட்டையின் ஒரு பகுதியே. இடையிடையே பிடிக்க விடுங்கள். லேசர் வெளிச்சத்தைக் காட்டி விளையாடுவதை நான் பரிந்துரைப்பதில்லை, எவ்வளவு துரத்தினாலும் அதில் பிடிபடுவதற்கு ஒன்றுமில்லை.

மாலையில் விளக்கு வைக்கும் நேரத்திலும் நீங்கள் உறங்கப் போகுமுன்னும் பத்துப் பதினைந்து நிமிடம் இவ்வாறு விளையாடி, கடைசியில் வேகத்தைக் குறைத்து, இரையைப் பிடிக்கவிட்டு, உடனே உணவைக் கொடுங்கள். தின்ற பூனை உடலை நக்கித் துப்புரவாக்கிவிட்டு உறங்கும். நான்கு மணிக் கத்தலுக்கு எழுந்து சாப்பாடு போடாதீர்கள். முதற் சில நாட்கள் கத்தல் கூடவும் செய்யும், அப்போது ஒருமுறை இரங்கினாலும் நெடுநேரம் கத்தினால் பலனுண்டு என்று அது கற்றுக்கொள்ளும். காலைக் கடித்தால் அடிக்காமலும் உதறாமலும் அசையாது நின்று, பிறகு விலகிச் செல்லுங்கள். வீட்டுப் பிள்ளைகள் கைவிரலை ஆட்டி விளையாடுவதையும் நிறுத்த வேண்டும்.

நூல் கட்டிய தடியை விளையாடி முடிந்ததும் அலுமாரியில் பூட்டி வையுங்கள். பூனையின் நாக்கிலுள்ள முட்கள் உள்நோக்கி வளைந்தவை என்பதால், வாய்க்குள் போன நூல் வெளியே வராமல் குடலுக்குச் சென்று உயிராபத்தை விளைவிக்கும். வாயிலோ மலவாயிலோ நூல் தொங்கினால் இழுக்காமல் வைத்தியரிடம் ஓடுங்கள்.

தனியாக விளையாட வளவில் உதிர்ந்த குரும்பட்டியும் ஓலைப்பந்தும் போதும். எல்லாவற்றையும் ஒன்றாகப் பரப்பாமல் இரண்டை வெளியே வைத்து, சில நாட்களுக்கொருமுறை மாற்றுங்கள். உணவில் ஒரு பங்கைச் சிறு துண்டுகளாக ஓலைப்பெட்டிக்குள்ளும் காட்போட் பெட்டிக்குள்ளும் ஒளித்துத் தேடவிடலாம். அதற்கு உப்பில்லாமல் அவித்த மீன் நல்லது. கருவாட்டில் உப்பு மிகுதி, கறியிலுள்ள வெங்காயமும் உள்ளியும் பூனைக்கு நஞ்சு.

குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றும் பெயருண்டு. பிடுங்கிய அதன் வேரை மோந்து பல பூனைகள் புரண்டு மயங்குவதைக் கண்டவர்கள் வைத்த பெயராக இருக்க வேண்டும். எப்போதாவது ஒரு வேரைத் துணியில் முடிந்து மோக்கக் கொடுக்கலாம், தின்ன விட வேண்டாம்.

செற்றியைக் காப்பாற்ற, பூனை முழு உடலையும் நீட்டிப் பிறாண்டக்கூடிய மூன்றடித் தென்னங்குற்றியில் தும்புக்கயிற்றை இறுக்கிச் சுற்றி, ஆடாதபடி செற்றிக்குப் பக்கத்திலேயே நிறுத்துங்கள். வலையடித்த யன்னலோரம் ஒரு பலகை போட்டால் அணிலையும் புலுனிகளையும் பார்த்துப் பொழுது போக்கும். தகரக் கூரை வீடாயின் மதியத்தில் மேலே வெக்கை நிற்கும் என்பதால் பலகையைத் தாழ்வாக அமையுங்கள்.

சலிப்பும் மனவழுத்தமும் உள்ள வீட்டுப் பூனைகளுக்குச் சிறுநீர்ப்பை அழற்சியும் வருவதுண்டு. கடுவன் மண்தட்டில் திரும்பத் திரும்பக் குந்தி முக்கியும் சிறுநீர் போகாவிட்டால், நாளைக்கென்று பொறுத்திராமல் அன்றே வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள்.