சைனீஸ் உணவகத்தில் பிறந்தநாள் விருந்து: என்ன ஆர்டர் செய்யலாம்?

கேள்வி: வீட்டில் ஒரு பெரிய பிறந்தநாள் வருகிறது. வழக்கமாகப் போகும் சைனீஸ் உணவகத்திலேயே கொண்டாட நினைக்கிறோம். எப்போதும் வாங்குவதைத் தாண்டி என்ன சொல்லலாம்?

என் அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளை இப்படித்தான் கொண்டாடினோம். நாங்கள் ஏழு பேர். பல வருடமாகப் போகும் கடை என்பதால், மெனு அட்டையைத் திறக்காமலே கவுன்ட்டரில் போய் ஆளுக்கு ஒன்று என ஏழு ஐட்டம் ஒப்பித்தேன். எழுதிக்கொண்டிருந்த ஓனரம்மா பேனாவை நிறுத்தி, "இன்று என்ன விசேஷம்?" என்று கேட்டார். சொன்னேன். "அப்படியானால் ஏழு வேண்டாம், எட்டாக வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

வியாபாரம் பேசுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் கேன்டனீஸ்காரர், அதாவது தென்சீனாவின் கேன்டன் பக்கத்தவர். அவர்கள் வழக்கத்தில் இறுதிச் சடங்கு முடிந்து சாப்பிடும் சாப்பாட்டில்தான் ஏழு வகை இருக்குமாம். நல்ல காரியத்துக்கு இரட்டைப்படை. அதிலும் எட்டு விசேஷம். அந்த எண்ணின் பெயர் செல்வம் பெருகுவதைச் சொல்லும் சொல்லைப் போல ஒலிக்கும். நான்கும் இரட்டைப்படைதான், ஆனால் அது 'சாவு' என்பதுபோல ஒலிப்பதால் ஆகாது. நல்லவேளை, இந்தப் பேச்செல்லாம் அப்பாவின் காதில் விழவில்லை.

எண்ணிக்கையைவிடப் பெரிய தப்பு நான் சொன்ன பட்டியலில் இருந்தது. ஏழில் ஐந்து, பொரித்துச் சாஸில் புரட்டியவை. பெயர்தான் வேறு வேறு, வாயில் வைத்தால் எல்லாம் ஒன்றுதான். அவர் சொன்ன வழி எனக்குப் பிடித்திருந்தது: சிக்கனா, இறாலா என்று யோசிக்காமல், எப்படிச் சமைத்தது என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஆவியில் வெந்தது ஒன்று, சுட்டது ஒன்று, பெரிய தீயில் சட்டென்று வதக்கியது ஒன்று, மெல்லிய தீயில் நேரமெடுத்துக் கொதித்தது ஒன்று, பூண்டு போட்டு வதக்கிய கீரை ஒன்று, ஒரு சூப். பொரித்தது ஒன்றே ஒன்று போதும். எல்லாம் மேசைக்குப் பொது. யாருக்கும் தனித் தட்டு கிடையாது. நடுவில் சுழலும் வட்டத் தட்டு அதற்குத்தான் இருக்கிறது.

அன்றைக்கு மேசையின் நாயகன் மீன்தான். தலையும் வாலுமாக முழு மீன், இஞ்சியோடு ஆவியில் வேகவைத்து, மேலே வெங்காயத்தாளைத் தூவி, கொதிக்கும் எண்ணெயைச் 'சொய்ங்' என்று ஊற்றி, ஓரத்தில் சோயா சாஸ் விட்டுக் கொண்டுவந்தார்கள். தலை அப்பாவைப் பார்த்தபடி வைக்கப்பட்டது, மரியாதைக்கு. மாண்டரினில் மீனுக்கும் மிச்சத்துக்கும் 'யூ' என்று ஒரே உச்சரிப்பு. அதனால் விருந்தில் மீன் இருந்தால் வீட்டில் எதுவும் குறையாமல் மிஞ்சும் என்று நம்பிக்கை. மேல்பக்கம் தீர்ந்ததும் அத்தான் மீனைப் புரட்டப் போனார். ஓனரம்மா ஓடிவந்து தடுத்துவிட்டார். மீனைக் கவிழ்த்தால் படகு கவிழும் என்பது கடலோடிகளின் பயம். கவிழ்க்காமல் நடுமுள்ளை அப்படியே தூக்கி எடுத்துவிட்டு, அடிப்பக்கத்தைச் சாப்பிட வேண்டும். அதுதான் வசதியும்கூட.

பீக்கிங் வாத்து வேண்டுமென்றால் முந்தின நாளே சொல்லிவைப்பது நல்லது. தோலுக்கும் கறிக்கும் நடுவே காற்றை ஊதிப் பிரித்து, மால்ட் பாகு பூசி, பல மணி நேரம் தொங்கவிட்டுக் காயவைத்த பிறகுதான் சுடுவார்கள். அப்படிக் காயாவிட்டால் தோல் மொறுமொறுப்பாக வராது. நான் சொல்லிவைக்க மறந்ததால் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அக்கா இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

தேநீர் விஷயம் ஒன்று. கெட்டில் காலியானால் யாரையும் கூப்பிட வேண்டாம், மூடியைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், வந்து நிரப்புவார்கள். பக்கத்தில் இருப்பவர் உங்கள் கோப்பையில் ஊற்றினால் இரண்டு விரலால் மேசையை மெல்லத் தட்டுங்கள், அது நன்றி. மாறுவேடத்தில் சுற்றிய சியென்லுங் பேரரசர் தன் சேவகனுக்கே தேநீர் ஊற்ற, அவன் காலில் விழவும் முடியாமல், சும்மா இருக்கவும் முடியாமல் விரலை மடக்கித் தட்டினான் என்று ஒரு கதை இருக்கிறது. உண்மையோ பொய்யோ, அன்று முழுக்க எங்கள் மேசையில் டொக் டொக்தான்.

சாதமும் நூடுல்ஸும் இந்த மாதிரி விருந்தில் கடைசியில்தான் வரும். முதலிலேயே ஃபிரைட் ரைஸில் வயிற்றை நிரப்பிக்கொள்ளாதீர்கள். எங்களுக்கு எட்டாவதாக வந்தது, ஓனரம்மாவே முடிவு செய்த இ-ஃபூ நூடுல்ஸ். முட்டை சேர்த்துப் பிசைந்த மாவில் செய்து, ஒருமுறை பொரித்தெடுத்து, பிறகு காளானோடு சாறில் ஊறவைப்பது. பிறந்தநாளுக்கு இதுதான் வழக்கம். இழை நீளம், ஆயுளும் நீளம். வெட்டக் கூடாது. அப்பா ஒரே இழையைக் கடிக்காமல் உறிஞ்சிப் பார்த்து, சட்டையெல்லாம் சாறு தெறித்தது.

அப்புறம், வால் பக்கம் கொஞ்சம் மீன் மிஞ்சியிருந்தது. மிச்சம் நல்ல சகுனமாயிற்றே, கட்டித் தரச் சொல்லலாம் என்று டப்பா கேட்டேன். டப்பா வருவதற்குள் அப்பா அதையும் முடித்துவிட்டார்.