சபேலோ தீவின் கறுப்பின ஊர் ஏன் சுருங்குகிறது?

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், மெக்கின்டோஷ் கவுண்டி என்ற மாவட்டத்திலுள்ள சபேலோ தீவில், ஹாக் ஹம்மாக் என்ற ஊர் ஏன் சுருங்கி வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். மக்கள் வேலை தேடி வெளியேறுவது ஒரு காரணமே. ஆழமான காரணம் நிலம்.

தீவின் பெருந்தோட்ட உரிமையாளரான தாமஸ் ஸ்பால்டிங்கின் தோட்டத்தில் அடிமைகளாக உழைத்த ஆப்பிரிக்கர்களின் வழிவந்த கல்லா கீச்சி மக்களே (தமக்கெனத் தனி மொழியும் பண்பாடும் கொண்ட கறுப்பினச் சமூகத்தார்) இவ்வூரார். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டு, அரபு மொழியில் கையெழுத்துப் பிரதி ஒன்றை விட்டுச்சென்ற பிலாலி முகமதுவும் அத்தோட்டத்தில் இருந்தவர்தான்.

அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின் விடுதலை பெற்றோர் நிலம் வாங்கித் தீவில் பல ஊர்களை அமைத்தனர். இருபதாம் நூற்றாண்டின் நடுவில், புகையிலைச் செல்வந்தர் ஆர். ஜே. ரெனால்ட்ஸ் ஜூனியர், அவ்வூர்களின் மக்களை ஹாக் ஹம்மாக்கிற்குள் நெருக்கினார். தீவின் பெரும்பகுதி பின்னர் மாநில அரசின் வசமாயிற்று.

ஊராரிடம் மிஞ்சிய நிலத்திலும் சிக்கல் உண்டு. உயில் எழுதாமல் தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய நிலத்துக்குப் பங்காளிகள் பலர் என்பதால், ஒருவர் தம் பங்கை விற்றாலும் வாங்கியவர் வழக்குத் தொடுத்து முழு நிலத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவர வழியுண்டு. பாலமின்றிப் படகை மட்டும் நம்பும் தீவிலும் விடுமுறை வீடுகள் பெருகுவதால் நிலமதிப்பும், அதனுடன் சொத்துவரியும் ஏறுகின்றன. 2023இல் கவுண்டி நிர்வாகம் வீடுகளின் உச்சவரம்பை 1,400 சதுர அடியிலிருந்து 3,000 ஆக உயர்த்தியதை ஊரார் எதிர்த்ததற்கு, வரி ஏறி நிலத்தை இழப்போம் என்ற அச்சமே காரணம். அது நியாயமான அச்சம் என்பதே என் கருத்து.